நாலு விரற்கடைத் தையல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் படி ஏறும்போது என்னோடு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையைப் போடுகிறாயா, இல்லை சட்டைப் பைக்குள் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாயா? உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல வரிக்கு வரி மை ஈஷியிருந்தது. உன் இடது கை எழுதியதை உன் இடது கையே துடைத்துக்கொண்டு போகிறது. வாத்தியார் பிரம்பால் அடித்தே மாறாத கை, நான் சொல்லியா மாறப்போகிறது? ஆனாலும் ஜூன் மாதம் அண்ணி மகளுக்குக் கல்யாணம் என்கிற வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைப் படித்த அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

தோல் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் பட்டறை. ஆறு மேசை, ஒரு ஜன்னல், கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை நடுங்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு விடுமுறை என்பதால் எனக்குத் தோதாக இருக்கிறது. கற்றுக்கொடுக்கிறவளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ‘கத்தி’ என்றுதான். கையிலும் அது, வாயிலும் அது. முதல் நாளே என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பேப்பர் பிடிச்ச கையாச்சே, ரெண்டு மாசம் ரத்தம் வரும், பரவாயில்லையா?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

எதற்கு என்று கேட்பாய். கல்யாணத்துக்கு அண்ணிக்கு ஒரு பை தைத்துத் தரப்போகிறேன். என் கையால். பாசத்தில் என்று நினைத்துவிடாதே.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. புருஷனை விட்டு வந்தவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லி, ஐந்து வருஷம் என்னோடு பேசாமலே இருந்து, பேசாமலே போய்விட்டார். எனக்குச் சேதி வந்து நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அண்ணி நின்றாள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை இல்லை. அப்படியே திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து அப்பாவின் தோல்பை பார்சலில் வந்தது. ‘பையை அவளுக்கு அனுப்பிடுங்க’ என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது என்று நீயே எழுதியிருந்தாய்.

கடிகாரம் ரிப்பேர் பார்க்க வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போன பை. தானே தைத்தது. முக்கியமான காகிதம் எதுவானாலும் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் வைத்து நாலு விரற்கடைக்குத் தைத்துவிடுவார், நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் தடவிப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. அந்த நாலு விரற்கடையில் மட்டும் நூல் புதிதாக இருந்தது. யாரோ பிரித்து, எடுத்து, திரும்பத் தைத்திருக்கிறார்கள். ‘அண்ணிதான் பிரிச்சாங்க, நான் மாடியில இருந்து பார்த்தேன்’ என்று நீ சொன்னாய். நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அப்பா எனக்கு என்ன எழுதியிருந்தார்? மன்னித்தாரா, இல்லை கடைசியாக ஒருமுறை திட்டிவிட்டுப் போனாரா? ஏழு வருஷமாகக் காலையில் பல் தேய்க்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அதை என்னிடமிருந்து எடுத்தவளை நான் சும்மா விடமாட்டேன்.

போனில் பேசலாம்தான். நீ மாடியில் பேசினால் கீழே அவள் காதில் விழும். நமக்குக் கடிதமே வசதி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கி விளையாடுகிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாடிப்படி உள்ள இடமாகப் பார்த்தா சேர வேண்டும்?

நீ புதிதாக ஒன்று கற்றுக்கொள்வது சந்தோஷம்தான். ஆனால் அக்கா, ஏழு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பையில் கடிதம்தான் இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? ரசீது ஏதாவது இருந்திருக்கும். அப்பா கடைசி நாட்களில் கை நடுங்கிக் கிடந்தார், எழுதுகிற நிலையிலா இருந்தார்? அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அண்ணிக்கும் வயதாகிறது. பையைத் தை, அன்பாகக் கொடு, மனதில் இருப்பதை இறக்கி வை.

பிள்ளை இந்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறான். வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள் அக்கா.

தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். விரல்கள்தான் நலமில்லை, பத்தில் ஆறுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். பதிவறையில் இருக்கிறவர்கள் வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்கிறார்கள். நானும் பூனையும்தான் வீட்டில், சண்டை போட யார் இருக்கிறார்கள் என்றேன்.

மனதில் இருப்பதை இறக்கி வை என்கிறாய். உனக்கு என்ன, நீ அப்பா பக்கத்தில் இருந்தாய். நான் இறக்கி வைக்க மாட்டேன். தோல் வேலைக்கு வந்த பிறகு கோபம் இன்னும் நன்றாக இருக்கிறது. ‘கத்தி’ சொல்கிறாள்: “இவ்வளவு அழுத்திச் சீவாதீங்க, அது உங்களுக்கு ஒண்ணும் செய்யலையே!”

ஒரு மாதத்தில் நான் கற்றதைக் கேள். முதலில் அட்டையில் பையை வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும். அட்டையில் நிற்காத பை தோலிலும் நிற்காது. பிறகு அந்த அட்டையைத் தோல்மேல் வைத்துக் கோடு இழுத்து வெட்ட வேண்டும். மடிகிற ஓரத்தையெல்லாம் கத்தியைப் படுக்க வைத்துச் சீவி மெலிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் தடித்துப்போய்ப் பை மூட்டை மாதிரி நிற்கும். நான் முதல் துண்டை நனைத்து வைத்துவிட்டு நகத்தால் தொட்டுப் பார்த்தேன். அந்த நகக்குறி இன்னும் இருக்கிறது, இனிப் போகவே போகாது. ஈரமாக இருக்கும்போது பட்டது தோலில் அப்படியே நின்றுவிடுமாம்.

இனிதான் முக்கியமான விஷயம். ஒரு முழுத்தோலை மேசையில் விரித்து ‘கத்தி’ பாடம் எடுத்தாள். முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் தொளதொள, இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். “வயித்துத் தோல்ல மட்டும் பட்டை வெட்டிடாதீங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், கனம் வச்சா நீண்டுக்கிட்டே போகும்.” இன்னொன்றும் சொன்னாள். தையல் துளைகளை நெருக்கிப் போட்டால் தபால் தலை கிழிகிற மாதிரி வரிசையாகக் கிழிந்துவிடும்.

மற்ற ஐந்து பேரும் இதை எச்சரிக்கையாக எழுதிக்கொண்டார்கள். நான் செய்முறையாக எழுதிக்கொண்டேன்.

புரிகிறதா? பை அவ்வளவு அழகாக இருக்கும், அதைத் தவிர வேறு எதையும் அவள் கல்யாணத்துக்குத் தூக்க மாட்டாள். பட்டை மட்டும் வயிற்றுத் தோல். வளையத்தில் சேர்கிற இடத்தில் துளைகள் நெருக்கமோ நெருக்கம். சம்பந்தி வீட்டார் முன்னால், நாலு பேர் பார்க்க, சாவியும் சீப்பும் கைக்குட்டையும் தரையில் கொட்ட வேண்டும். அவள் குனிந்து பொறுக்க வேண்டும். சின்னத்தனம்தான், எனக்குத் தெரியாதா? வாசலில் நின்றபோது எனக்குப் பெரிய மனசை யாரும் காட்டவில்லை.

மாத்திரை போடு. பிள்ளைக்கு முத்தம்.

உன் அக்கா


மார்ச் 20

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு, பிறகு அவளுக்கு. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டோம். இப்போது எல்லோரும் தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? விரல் ஆறியதா?

பையைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் என்ன சொல்லி நீ கேட்கப்போகிறாய். உன் இஷ்டப்படி செய். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கு நீயாக எதுவும் எழுதிவிடாதே. கல்யாண வீட்டில் பழைய பேச்சு எதற்கு? பையை எனக்கு அனுப்பு, நானே அவங்க கையில் கொடுத்துவிடுகிறேன். அதோடு இந்த விஷயம் முடியட்டும்.

வேலை அதிகம். கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? நீ எழுதிய தாளைப் பார்த்தால் கடிதம் எழுதிய மாதிரி இல்லை, மையைக் கொட்டித் துடைத்த மாதிரி இருந்தது. கை வலி இன்னும் விடவில்லையா? டாக்டரிடம் காட்டு. எனக்கு விரல் காய்த்துவிட்டது, இப்போது ஊசி குத்தினால் ஊசிக்குத்தான் வலிக்கும்.

பை தயார். இதோடு வருகிற பெட்டியில் இருக்கிறது. பிரித்துப் பார், நீயே அசந்துபோவாய். காபி நிறத் தோல், முன்மூடி வளைந்து இறங்கும், உள்ளே கண்ணாடிக்கு ஒரு அறை, சாவிக்கு ஒரு அறை. ஓரத்தை மெழுகு வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறேன். மூன்று முறை வெட்டி மூன்று முறை பாழாக்கி நாலாவதுதான் இது. கத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நிஜமாவே நல்லா இருக்கு” என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லையாம். பட்டையை அவளிடம் காட்டவில்லை. வீட்டில் வந்து தைத்தேன்.

தைத்து முடித்ததும் எனக்கே ஒரு நிமிஷம் மனசு இடறியது. இவ்வளவு நல்ல பைக்கு இப்படி ஒரு பட்டையா என்று. பை பாவம், அவ்வளவுதான். அவள் பாவம் இல்லை.

நீயே கொடு. கொடுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மே 3

அன்பு அக்காவுக்கு,

நலம். பை வந்தது. கொடுத்துவிட்டேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ நல்லபடியாக இருக்கிறாயா? இங்கே உன் அண்ணனுக்கு ரத்த அழுத்தம், எனக்கு அவரால் ரத்த அழுத்தம். மற்றபடி குறை இல்லை.

பன்னிரண்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம். உன் முகவரியை உன் தம்பியிடம் கேட்டால் தேடித் தருகிறேன் தேடித் தருகிறேன் என்று ஒரு மாதம் ஓட்டினான். கடைசியில் பார்சல் பெட்டி பரணில் கிடந்தது, அதிலிருந்து எடுத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. உன் பையைத்தான் தூக்கினேன். வேறொன்று வாங்கி வைத்திருந்தேன், இதைப் பார்த்த பிறகு அது கண்ணுக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மாவோடு மண்டபத்துக்குள் நுழைகிறேன், பட்டை படாரென்று விட்டுவிட்டது. சாவி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம், என் பல்செட் டப்பா உருண்டு மாப்பிள்ளை காலடியில் போய் நின்றது. நான் சிரித்துவிட்டேன். “என் நாத்தனார் கையால தச்சது, இப்பத்தான் கத்துக்கிறா. முதல் பை யாருக்குன்னு பாருங்க, எனக்கு!” என்று எல்லோரிடமும் சொன்னேன். சம்பந்தியம்மாவே உட்கார்ந்து பொறுக்கித் தந்தார். செருப்புத் தைப்பவரிடம் காட்டினேன். துளை நெருக்கமாக விழுந்துவிட்டது, கற்றுக்கொள்கிற கை அப்படித்தான் என்றார். அதனால் நீ ஒன்றும் வருத்தப்படாதே.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. பையைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. உன்னிடம் ஒரு கோபம் எனக்கு உண்டு. சொல்லிவிடுகிறேன்.

மாமா உனக்கு எழுதினாரே, ஏன் பதில் போடவில்லை? படுக்கையில் கிடந்து, நடுங்குகிற கையால் இரண்டு நாள் எழுதினார். முதுகுக்குத் தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டது நான்தான். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை, மடித்து ஒட்டி உன் தம்பியிடம் தபாலில் போடக் கொடுத்தார். பத்தொன்பது நாள். தினமும் சாயங்காலம் தபால் வந்ததா என்று கேட்பார். உன் தம்பி ‘இன்னும் வரலைப்பா’ என்பான். மறுபடி ஒன்று எழுதி, இதைத் தபாலை நம்பி அனுப்ப மாட்டேன் என்று பையில் வைத்துத் தானே தைத்தார். அந்தக் கண்ணும் கையும் தைக்கிற நிலையிலா இருந்தது! பதிலைப் பார்க்காமலே போனார். அந்தக் கோபத்தில்தான் நீ வந்தபோது வாசலில் நின்றும் உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஏழு வருஷமாக அது என்னை உறுத்துகிறது. அப்போது தன் கல்யாணப் பேச்சு முடிந்து உன் தம்பி வேறு ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தான். பையைக் கட்டி அனுப்பியதுகூட அவன்தான், நான் கையால் தொடவில்லை.

அதில் இருந்த கடிதத்தையாவது படித்தாயா? படித்தும் ஒரு வார்த்தை எழுதவில்லையா? கேட்காமல் செத்துப்போக எனக்கு மனமில்லை. உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜூலை 6

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

பட்டறையில் புதிதாக ஒரு ஓட்டுநர் சேர்ந்திருக்கிறார். லாரி ஓட்டுகிறவர், ஸ்டியரிங்குக்கு உறை தைக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். இடது கைக்காரர். போன ஞாயிறு அவர் தைத்த துண்டையும் நான் தைத்த துண்டையும் கத்தி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே நூல், ஒரே தோல், ஒரே குத்தூசி. என் தையல் ஒரு பக்கம் சாய்கிறது, அவருடையது எதிர்ப்பக்கம் சாய்கிறது. “ரெண்டு ஊசி போட்டுத் தைக்கிறோம் இல்லையா, எந்தக் கை ஊசி முதல்ல நுழையுதோ அதுக்கேத்த மாதிரிதான் சாயும். இடது கைக்காரங்க தையலை மறைக்கவே முடியாது. கையெழுத்து மாதிரி” என்றாள்.

நான் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் பையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். சுற்றிலும் அப்பாவின் தையல், ஒரே பக்கமாக, வரிசை பிசகாமல். அந்த நாலு விரற்கடை மட்டும் எதிர்ப்பக்கம்.

அண்ணி வலது கையால்தான் எல்லாம் செய்வார். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அண்ணி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதுகுத் தோலில் நல்ல பட்டையாக வெட்டி நேற்றே அனுப்பிவிட்டேன். அவர் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை.

உனக்கும் ஒரு பை தைக்கப்போகிறேன். கொக்கி எந்தக் கைக்குத் தோதாக இருக்க வேண்டும்?

அக்கா


செப்டம்பர் 2

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நீ சொல்லாததால் நானே முடிவு செய்துகொண்டேன். பை இதோடு வருகிறது. பட்டை வலது தோளில் தொங்கும், கொக்கி உன் இடது கைக்கு நேராக வரும். முழுக்க முதுகுத் தோல். இழு, தொங்கு, ஒன்றும் ஆகாது. உன் ஆயுசுக்கும் உழைக்கும். துளைகளை அளந்து போட்டிருக்கிறேன். இதில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை. பட்டை அறுவது உனக்குப் போதாது.

ஏழு வருஷம். உன் கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம் இந்த உலகத்தில் எனக்கென்று ஒருவன் இருக்கிறான் என்று நினைத்தேன். உன் ஈஷலைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். அண்ணியை நான் வெறுத்த வெறுப்பு, தினம் தினம் நீ எண்ணெய் ஊற்றி வளர்த்தது. நான் அவருக்கு அந்தப் பட்டையைத் தைக்கும்போது, தெரிந்தும், ‘உன் இஷ்டப்படி செய்’ என்று எழுதினாயே. உன்னை நினைத்தால் வயிறு எரிகிறது. நீ அப்பாவின் கடிதத்தைத் திருடியவன் மட்டும் இல்லை, என்னையும் உன் திருட்டுக்குக் கருவியாக்கினவன்.

அந்தக் கடிதங்களை நீ வைத்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும், எரித்திருப்பாய். ஆனால் படித்திருப்பாய். படிக்காமல் எரிக்கிற தைரியம் உனக்கு இல்லை. அப்பா எனக்கு எழுதியது இப்போது இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. உன் தலைக்குள். அதனால்தான் உன்னைத் தலைமுழுக என்னால் முடியவில்லை.

பையின் உட்பக்கத்தைத் தடவிப் பார். நாலு விரற்கடை தைத்திருக்கிறேன். உள்ளே நாலு வெற்றுத்தாள் இருக்கிறது. பிரித்து எடு, உனக்குப் பழக்கமான வேலைதான். அப்பா எழுதியதை எழுது. ஒரு வார்த்தையும் கூட்டாதே, ஒரு வார்த்தையும் குறைக்காதே. உள்ளே வைத்து உன் கையால் தைத்து எனக்கு அனுப்பு.

அண்ணிக்கு நான் எதையும் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நேரில், கண்ணைப் பார்த்து.

அக்கா


அக்டோபர் 28

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் சரியாக இல்லை.

நீ நினைத்தது அத்தனையும் உண்மை. எனக்குக் கல்யாணம் பேசியபோது, அக்கா வெளியூரில் புருஷனோடு சௌக்கியமாக இருக்கிறாள் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தேன். அப்பா கடிதத்தைத் தந்தபோது சட்டைப் பையில் வைத்தேன். நீ வந்தால் எல்லாம் வெளியே தெரியும், இடம் தட்டிப்போகும் என்று பயம். ஒரு வாரம் கழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் ‘இன்னும் வரலைப்பா’ என்று சொல்லச் சொல்ல, அப்புறம் போடவே முடியாமல் போயிற்று. அவர் போன பிறகு பையைத் தடவினேன். உள்ளே காகிதம் தட்டுப்பட்டது. முதல் கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று அதில் கேட்டிருந்தார். நீ அதைப் படித்தால் நான் மாட்டிக்கொள்வேன். இரண்டையும் அடுப்பில் போட்டேன். யார் பிரித்தது என்று நீ கேட்டபோது வாயில் அண்ணி பெயர் வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, சமையல் கட்டில் அவங்க நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். என் மனைவிக்கும் தெரியும். அவள் பிள்ளையைப் பார்த்து மட்டும்தான் பேசுகிறாள்.

இரண்டு கடிதத்தையும் எழுதி வைத்துத் தைத்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகப்படுத்தி எழுதினேன். ஏழு வருஷமாக மறக்க முயன்று முடியாத கடிதங்கள்தான், ஆனாலும் இரண்டாவதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு வரவே இல்லை. நானாக ஒன்றைப் போட மனமில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மீதி அத்தனையும் அப்பா எழுதியது.

மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. ‘படித்தேன்’ என்று ஒரே ஒரு வரி எழுது. அது வந்தால் நான் தூங்குவேன்.

தம்பி


டிசம்பர் 5

தம்பிக்கு,

நான் நலம்.

பை வந்து சேர்ந்தது. அப்பாவின் பைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் பூனை இரண்டையும் முகர்ந்து பார்க்கிறது. போன வாரம் அண்ணி வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போனார். நாங்கள் நிறைய அழுதோம், அதைவிட நிறைய உன்னைத் திட்டினோம். புதுப் பட்டை பிரமாதமாக இருக்கிறதாம்.

நீ ஒரு வரி கேட்டிருக்கிறாய். எழுத மாட்டேன். படித்தேன் என்றும் எழுத மாட்டேன், படிக்கவில்லை என்றும் எழுத மாட்டேன். அப்பா பத்தொன்பது சாயங்காலம் கேட்டார். உனக்கு இன்னும் எத்தனை சாயங்காலம் இருக்கிறதோ, அத்தனை நாளும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார். யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். இன்னும் வரலைப்பா.

மனசு கேட்காமல் நீ நேரில் வந்தாலும் வரலாம். வாசலில் நிற்க வைக்க மாட்டேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே வா, பையை எடுத்துப் பார். அந்த நாலு விரற்கடையும் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, நூலும் நீ தைத்த அதே நூல்தான். அதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வந்துவிடாதே. அந்த லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மாதமாக நான் இடது கையால் தைக்கப் பழகிவிட்டேன். போன ஞாயிறு என் மேசையில் கிடந்த துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “யாரு இது, இன்னொரு இடது கைக்காரங்க வந்திருக்காங்களா?” என்று ‘கத்தி’யே ஏமாந்து கேட்டாள்.

சர்க்கரையைப் பார்த்துக்கொள். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதே. நீ ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

அக்கா